ஜீப் என்ஜின் சத்தம் போட்டால்: எந்தச் சத்தத்துக்கு எங்கே பார்ப்பது

"தம்பி, ஜீப் லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெஷின்) மாதிரி சத்தம் போடுது. என்ஜின் முடிஞ்சுது எண்டு சொல்றாங்க. மறுகா என்ன செய்யிற?"

மாதத்தில் இரண்டு மூன்று பேராவது இதைச் சொல்லிக்கொண்டு எங்கள் கராஜ் வாசலில் பிராடோவையோ மொண்டெரோவையோ கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஓடுகிற பெரிய ஜீப்புகளில் பல வயது போனவை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் எல்லோரும் இருந்ததை வைத்தே ஓட்டினார்கள். ஆகவே சத்தம் வருவது புதினமில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே என்ஜினைக் கழற்றச் சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் என்ஜினுக்கு வெளியே இருந்த சாமான்களின் சத்தம்.

எந்தச் சத்தமானாலும் முதலில் இவை

சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தாலோ, அடியிலிருந்து "டொக் டொக்" என்று கனமாக இடித்தாலோ அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்துங்கள். வீடு பக்கம்தானே என்று நினைக்க வேண்டாம். கல்லடிப் பாலத்தின் நடுவிலே என்றாலும் ஓரம் கட்டி நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு இறங்குங்கள். மற்றச் சத்தங்களுக்கு நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை.

அடுத்தது ஒயில். சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கை இழுங்கள். மட்டம் குறைந்திருந்தால் அதே தர ஒயிலை ஊற்றிவிட்டு, சத்தம் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். மட்டம் கூடி, டீசல் மணம் வந்தால் டீசல் ஒயிலுக்குள் இறங்குகிறது. பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்கும்போது மினுமினுப்பான துகள் தெரிந்தால் உள்ளே உலோகம் தேய்கிறது. கடைசி இரண்டிலும் திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

பிறகு மூன்று கேள்வி. குளிராக இருக்கும்போதா, சூடான பிறகா? நிறுத்தி வைத்து 2000 சுற்று வரை ரேஸ் பண்ணினால் சத்தமும் கூடவே ஏறுகிறதா? ஏசி போட்டால் அல்லது ஏற்றத்தில் கூடுகிறதா? நின்ற இடத்தில் ரேஸ் பண்ணும்போது வராமல், ஓடினால் மட்டும் வருகிற சத்தம் பெரும்பாலும் சில்லு பெயாரிங், ரயர், டிஃபரென்ஷியல் பக்கம். அதற்கு இந்தக் குறிப்பு உதவாது.

கராஜுக்கு வர வசதியில்லை என்றால் கைபேசியில் பதிவு செய்யுங்கள். இரவு முழுக்க நின்ற வாகனத்தைக் காலையில் ஸ்டார்ட் செய்கிற முதல் பத்து விநாடி முக்கியம். வாகனத்தைச் சூடாக்கிவிட்டு என்னிடம் கொண்டுவந்தால் பாதிச் சாட்சி அழிந்துபோகிறது.

இன்னொன்று: சாரத்தோடும் சால்வையோடும் ஓடுகிற என்ஜினுக்கு மேல் குனியாதீர்கள். ஃபேன் சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது.

"கிணுகிணு" என்று தகரம் அதிர்வது போல

எங்கள் பக்கம் அதிகம் வருவது இது. ஐட்லிங்கில் கேட்கும், கொஞ்சம் ரேஸ் பண்ணினால் மறையும், இன்னும் கூட்டினால் திரும்ப வரும்.

எக்ஸோஸ்ட் குழாயைச் சுற்றியுள்ள மெல்லிய வெப்பத் தகடுகளைத்தான் முதலில் பாருங்கள். கடற்காற்றில் அவற்றின் போல்ட் ஓட்டைகள் உக்கிப் போகும். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரம் நிற்கிற வாகனங்களில் ஏழெட்டு வருடத்திலேயே இதைப் பார்க்கலாம். எக்ஸோஸ்ட் ஆறியிருக்கும்போது கையால் தட்டுங்கள். அதே சத்தம் வந்தால் ஆள் பிடிபட்டது. பெரிய ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் போதும், சில நூறு ரூபாய் வேலை. தகட்டைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். அது பக்கத்தில் போகும் வயரையும் குழாயையும் காக்கிறது.

அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டும் இப்படித்தான். படுவான்கரைக் கிராமத்துப் பாதையில் ஒரு தடவை அடிபட்டால் கிளிப் இரண்டு தெறித்துவிடும். சைலென்சர் தொங்கும் ரப்பர் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவை சரி என்றால் என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர், அதாவது என்ஜின் மவுண்ட். ஒருவர் பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு கியரை டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றட்டும். நீங்கள் வாகனத்துக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். என்ஜின் ஓர் அங்குலத்துக்கு மேல் எகிறினால் மவுண்ட் போய்விட்டது. உள்ளே எண்ணெய் இருக்கும் வகை மவுண்ட் என்றால் கறுப்பாகக் கசிந்திருக்கும். ஜாக் வைத்து என்ஜினைத் தூக்க வேண்டிய வேலை என்பதால் கராஜில் விடுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் "கடகட", சில விநாடியில் நிற்கிறது

இரவில் கீழே வடிந்த ஒயில் மேலே ஏறும் வரை வரும் சத்தம். மட்டம் சரி என்றால் ஒயில் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். நல்ல ஃபில்டருக்குள் ஒயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இருக்கும். மலிவுப் போலிகளில் அது இராது, இருந்தாலும் வேலை செய்யாது. ஃபில்டரை மாற்றியதும் சத்தம் நின்ற வாகனங்கள் எத்தனையோ.

அப்புறம் ஒயிலின் தடிப்பு. சத்தத்தை அமத்துவதற்காக 20டபிள்யூ-50 ஊற்றும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. 5டபிள்யூ-30 கேட்கும் என்ஜினுக்கு அதை ஊற்றினால், காலையில் ஒயில் மேலே போய்ச் சேர இன்னும் நேரமெடுக்கும். சூடான பிறகு கேட்கும் சத்தம் அமுங்கும், தேய்மானம் அமுங்காது. வாகனத்தை விற்பதற்கு முதல்நாள் செய்கிற வேலை அது. வாங்கப் போகிறவர்கள் கவனமாக இருங்கள்.

ஒயில், ஃபில்டர் இரண்டும் மாற்றியும் கடகட இரண்டு விநாடியிலிருந்து ஐந்து, பத்து என்று நீண்டால், அல்லது சூடான ஐட்லிங்கிலும் மருதமுனைத் தறி ஓடுவது போல முன்பக்கத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தால், வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் செயினும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும். உங்கள் என்ஜினில் செயின் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மொண்டெரோவின் 3.2 லீட்டர் 4எம்41 செயின் என்ஜின். பிராடோவின் 3.0 லீட்டர் 1கேடி பெல்ட் என்ஜின், அதற்குச் செயின் மாற்றச் சொன்னால் சொன்னவரை விட்டு விலகுங்கள். சில பிஎம்டபிள்யூ டீசல்களில் செயின் பின்னால், கியர்பெட்டிப் பக்கம் இருக்கிறது. அதை மாற்ற என்ஜினையே இறக்க வேண்டிவரும்.

செலவு கூடிய வேலைதான். ஆனாலும் தள்ளிப்போட முடியாதது. செயின் ஒரு பல் தாவினாலும் பிஸ்டன் வால்வில் இடிக்கலாம். இது அனுபவமுள்ளவர் கையில் மட்டும்.

குளிரில் "டிக் டிக்", சூடானதும் குறைகிறது

என்ஜின் முடிந்தது என்று பிழையாகத் தீர்ப்புச் சொல்லப்படுவது இந்தச் சத்தத்துக்குத்தான். சந்தேகிக்க வேண்டியது எக்ஸோஸ்ட் மேனிபோல்ட், அதாவது எல்லாச் சிலிண்டரின் புகையையும் சேர்த்து வெளியே விடும் இரும்புக் குழாய். என்ஜின் தலையோடு அது சேரும் இடத்தில் பேக்கிங் எரிந்தோ, போல்ட் முறிந்தோ இருந்தால், ஒவ்வொரு வெடிப்புக்கும் புகை அந்த இடுக்கால் "டிக்" என்று பாயும். இரும்பு சூடேறி விரிந்ததும் இடுக்கு அடைபட்டுச் சத்தம் குறையும். கேட்பவர் காதுக்கு அது வால்வைத் தட்டும் டப்பெட்டின் சத்தம் மாதிரியே இருக்கும்.

கல்முனைக் காக்கா ஒருவருடைய ஜீப்புக்கு வேறோர் இடத்தில் அரை என்ஜின் (தலை இல்லாத அடிப்பாதி) மாற்றச் சொல்லி, லட்சக் கணக்கில் விலையும் சொல்லியிருந்தார்கள். பின்னேரம் கொண்டுவந்தார். சூடாக இருந்தது, சத்தமே இல்லை. "இரவு இஞ்சயே நிக்கட்டும்" என்றேன். காலை ஆறரைக்கு ஸ்டார்ட் செய்தோம். அரை அங்குல ரப்பர் குழாய் ஒரு யார் நீளத்தில் என்னிடம் இருக்கிறது. ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மேனிபோல்ட் ஓரமாக, சுடுகிற இரும்பில் படாமல், மெல்ல நகர்த்தினேன். முதல் மூன்று சிலிண்டரிலும் வெறும் இரைச்சல். நான்காவதில் "சட், சட்" என்று காதுக்குள் ஊதியது. லைட் பிடித்துப் பார்த்தால் அந்த இடத்தில் இரும்பின் மேல் கறுப்புக் கரி, விசிறி விரித்தது போல. கடைசி போல்ட்டின் தலை இல்லை. காக்காவைக் கூப்பிட்டு அந்தக் குழாயை அவர் காதிலும் வைத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை, குழாயைத் திரும்பத் தரவும் மனமில்லை. முறிந்த போல்ட்டை எடுத்துப் புதிய பேக்கிங் போட ஒரு நாள் போயிற்று. அரை என்ஜின் இல்லை.

நீங்களே பார்க்கலாம்: குளிரில் ஸ்டார்ட் செய்து, குழாயால் கேட்டு, கரித்தடம் தேடுங்கள். போல்ட்டில் மட்டும் கைவைக்காதீர்கள். உப்புக் காற்றுப்பட்டுத் துருவேறிய போல்ட்டை பலத்தைப் போட்டுத் திருகினால் இன்னும் இரண்டு முறியும், பிறகு என்ஜின் தலையையே கழற்ற வேண்டி வரும். முறிந்ததைத் துளைத்து எடுத்துப் பழக்கப்பட்டவரிடம் கொடுங்கள்.

சூடான பிறகும் அதே "டிக் டிக்"

பொனட்டுக்கு மேலே மெல்லிதாக, ஒரே சீராக வந்தால் அது பெரும்பாலும் இன்ஜெக்டரின் இயல்பான சத்தம். புதிய என்ஜினிலும் உண்டு. ஒரு சிலிண்டர் பக்கம் மட்டும் தனியாகக் கேட்டால் வால்வு இடைவெளியையோ லிஃப்டரையோ பார்க்க வேண்டும்.

டீசல் ஜீப்பில் "சுஃப் சுஃப்" என்று மூச்சு விடுவது போல் கேட்டு, ஏசி காற்றில் புகை மணமும் வந்தால், இன்ஜெக்டர் அடியில் இருக்கும் செப்பு வொஷர் கசிகிறது. இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பாகக் கட்டியிருக்கும். 1கேடி என்ஜின் வைத்திருப்பவர்கள் இதை லேசாக எடுக்க வேண்டாம். கசியும் கரி ஒயிலோடு சேர்ந்து, அடியில் ஒயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். வலை அடைபட்டால் பெயாரிங்குக்கு ஒயில் போகாது, அங்கேதான் என்ஜின் உண்மையாகவே முடிகிறது. வொஷரின் விலை சொற்பம். மாற்றும்போது ஒயில் நிற்கும் அடித்தட்டைக் கழற்றி அந்த வலையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

"கீச்" என்ற அலறல்

பெல்ட். மழைக்காலக் காலையில் கூடும், ஏசி போட்டால் கூடும். ஒரு போத்தல் தண்ணீரை ஓடுகிற பெல்ட்டின் வரிப்பக்கத்தில் எட்ட நின்று லேசாகத் தெளியுங்கள். சத்தம் நின்று சிறிது நேரத்தில் திரும்ப வந்தால் புல்லி நேர்க்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் இன்னும் அலறினால் பெல்ட் இறுக்கம் போதாது. வெடிப்பு, மினுக்கம் தெரிந்தால் மாற்றுங்கள். பெல்ட்டில் சவர்க்காரம் பூசுவதை விட்டுவிடுங்கள்.

கீச் இல்லாமல் "கரகர" என்று அரைத்தால் பெயாரிங். நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியைச் சுற்றாத போல்ட்டின் மேல் வைத்து, பிடியைக் காதெலும்பில் வையுங்கள். ஐட்லர், டென்ஷனர், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாக. போன பெயாரிங் காதுக்குள் மணலைக் கொட்டுவது போல் கேட்கும். அறுவடைக் காலத்தில் வயல் பக்கம் ஓடிய ஜீப்புகளில் பெல்ட் வரிகளுக்குள் வைக்கோல் தூசு ஏறியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். அதைத் துடைத்தாலே பாதி அடங்கும்.

வாட்டர் பம்ப் பக்கம் கேட்டு, கூலன்ட் கசிந்த தடமும் இருந்தால் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். 1கேடியில் டைமிங் பெல்ட் மாற்றும் காலமும் நெருங்கியிருந்தால் இரண்டையும் ஒன்றாகச் செய்தால் ஒரு கூலி மிச்சம்.

விமானம் ஏறுவது போல் "ஹோ" என்ற இரைச்சல்

ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடம் மட்டும் என்றால் இயல்பு. எப்போதும் வந்து, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடி, வாகனமும் இழுக்கத் தயங்கினால் ஃபேனைத் தேவைக்கேற்பப் பிடித்து விடும் ஃபேன் கிளச் இறுகிவிட்டது. என்ஜினை அணைத்து, ஆறிய பிறகு ஃபேனைக் கையால் சுற்றுங்கள். கொஞ்சம் பிடித்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். அசையவே மறுத்தால் இறுகியது. ஒரு தட்டில் பல சுற்றுப் போனால் உள்ளே இருக்கும் சிலிக்கன் எண்ணெய் போய்விட்டது, அப்போது சத்தம் குறையும், என்ஜின் சூடேறும்.

ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாகப் பூட்டாவிட்டாலும் இப்படி இரையும். அணில் கூடு கட்டிய பெட்டியையும் திறந்திருக்கிறேன்.

"உஸ்" அல்லது விசில்

மிதிக்கும்போது உஸ் என்று காற்றுப் போய், இழுவை குறைந்து, கரும்புகையும் வந்தால் டேர்போ தள்ளும் காற்றைக் குளிராக்கும் இன்டர்கூலரின் குழாய் வெடித்திருக்கிறது அல்லது கிளிப் கழன்றிருக்கிறது. குழாயின் அடிப்பக்கத்தைக் கையால் தடவுங்கள். வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

குழாய்கள் சரி, ஆனால் ஆம்புலன்ஸ் சைரன் போல் ஏறி இறங்கும் சத்தம் என்றால் டேர்போ. நீல நிறப் புகையும் சேர்ந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். டேர்போவின் ஒயில் என்ஜினுக்குள் போனால், டீசல் என்ஜின் சாவியை அணைத்தாலும் நிற்காமல் தன்பாட்டில் பறக்கும்.

டீசல் "டகடக" என்று கடுமையாக அடிப்பது

டீசல் அடித்த பிறகு தொடங்கியதா என்று யோசியுங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கானிலும் பீப்பாயிலும் வாங்கி ஊற்றிய டீசலால் எத்தனை இன்ஜெக்டர் போனது என்று எங்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் வழுக்கலைத் தராது. டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீரை வடித்துப் பாருங்கள், ஃபில்டரை மாற்றுங்கள், நம்பிக்கையான இடத்தில் சூப்பர் டீசல் நிரப்பி ஒரு தாங்கி ஓட்டுங்கள். அதற்கு அடங்கினால் அவ்வளவுதான்.

அடங்காவிட்டால் ஸ்கேன் வேண்டும். மெஷினால் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்தி, எதை நிறுத்தும்போது அடி நிற்கிறது என்று பார்க்கலாம். பழைய என்ஜினில் செய்தது போல ஓடும்போது இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்திப் பார்ப்பதை இந்தப் புதிய என்ஜின்களில் செய்யவே கூடாது. உள்ளே 1000 பாருக்கு மேல் அழுத்தம். அது தோலைத் துளைத்து உள்ளே போகும், கையையே இழந்தவர்கள் உண்டு.

பெட்ரோல் ஜீப் ஏற்றத்தில் மட்டும் "சில் சில்" என்று அடித்தால், பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறும்போது பலர் சொல்வது இது, ஒக்டேன் 95 கேட்கும் என்ஜினுக்கு 92 ஊற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். 95 அடித்த பிறகும் போகாவிட்டால் ஸ்கேன்.

அடியிலிருந்து "டொக் டொக்"

மேலே சொன்ன நிறுத்தும் விதி இதற்குத்தான். கனமான இடி, சூடாகச் சூடாகக் கூடுவது, ரேஸ் பண்ணி விடும்போது கேட்பது. பிஸ்டனைப் பிடிக்கும் தண்டான கனெக்டிங் ரொட்டின் பெயாரிங்காக இருக்கலாம். இங்கே நீங்கள் செய்யக்கூடியது டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பது மட்டும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது ஒன்று: திறப்பதற்கு முன், ஒயில் அழுத்தத்தைத் தனி மீட்டர் பூட்டி அளந்தீர்களா? சூடான என்ஜினில் 1000 சுற்றுக்கு ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ என்பது பொதுக் கணக்கு. அழுத்தம் நன்றாக இருந்தால் பெல்ட் புல்லி, என்ஜினை ஆட்டோ கியரோடு இணைக்கும் ஃபிளெக்ஸ் பிளேட் தகடு இரண்டையும் பார்த்த பிறகே ஒயில் அடித்தட்டைக் கழற்றட்டும். வெடித்த ஃபிளெக்ஸ் பிளேட் பெயாரிங் போலவே இடிக்கும், என்னையே ஒரு தடவை ஏமாற்றியது.

வெள்ளத்துக்குப் பிறகு வந்த சத்தம்

2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் இங்கே வீதிகள் ஆறாக ஓடின. உயரமான ஜீப்தானே என்று இறக்கியவர்கள் பலர். தண்ணீருக்குள் என்ஜின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அதை இடித்தால் கனெக்டிங் ரொட் வளையும். அன்று ஓடிவிடும், சில வாரத்தில் "டொக்" தொடங்கும்.

ஏர் ஃபில்டரைத் திறந்து தொட்டுப் பாருங்கள். ஈரமென்றால் வாகனத்தை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூட்டிவாருங்கள். இன்ஜெக்டரையோ பிளக்கையோ கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகே சுற்ற வேண்டும். ஃபில்டர் காய்ந்திருந்து, புதிதாக உரசல் சத்தம் மட்டும் கேட்டால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் சிக்கிய கல்லையும் குப்பையையும் எடுத்துப் பாருங்கள்.

கொழும்புக்கு ஏற்ற வேண்டி வந்தால்

சில ஐரோப்பிய ஜீப்புகளுக்கு வேறு வழியில்லை. 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம், ஓட்டிக்கொண்டு போகவே வேண்டாம். எப்போதும் நான்கு சில்லும் இழுக்கும் வாகனத்தை இரண்டு சில்லைத் தூக்கி இழுத்தால் கியர்பெட்டியும் போய்விடும். முழுதாக ஏற்றும் லொறியைக் கேளுங்கள். போவதற்கு முன் காலைச் சத்தப் பதிவு, டிப்ஸ்டிக் படம், ஸ்கேனில் வந்த குறியீடுகள் மூன்றையும் அனுப்பிவிடுங்கள். கழற்றும் சாமான்களைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள்.